சாவி கையில், சத்தம் காரில்

சாவி நம் கையில் இருக்கும்போது, சாவி உள்ளேயே இருக்கிறது என்று ஒரு கார் ஏன் கத்த வேண்டும்?

இந்தக் கேள்விக்கு அப்போது என்னிடம் பதில் இல்லை. டீச்சரிடமும் இல்லை. அவரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த எங்களில் யாரிடமும் இல்லை. பதில் கிடைத்த விதம் புரிய வேண்டுமானால் முதலில் டீச்சரைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. கார் ஓட்டச் சொல்லித் தருகிறவர். மருந்துக் கடைக்கும் முடிவெட்டும் கடைக்கும் நடுவில் ஒரே ஓர் அறை. அதுதான் அவருடைய ஓட்டுநர் பள்ளி. சுவரில் சாலைக் குறியீடுகள் அச்சடித்த பெரிய தாள் ஒன்று தொங்கும். மேசைக்கு அடியில், ஏதோ ஒரு வண்டியிலிருந்து கழற்றிய ஸ்டியரிங் வளையம் கிடக்கும். புதிதாகச் சேர்கிறவர்கள் முதல் பாடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அந்த வளையத்தைத்தான் திருப்ப வேண்டும். தெருவில் போகிறவர்கள் கண்ணாடிக் கதவு வழியே பார்த்துச் சிரித்துக்கொண்டு போவார்கள். வாசலில் பள்ளியின் மொத்தச் சொத்தும் நிற்கும். சந்தன நிறத்தில் ஒரு பழைய கார்.

அதற்கு முன்னால் டீச்சர் ஒரு சலவை நிலையத்தில் வேன் ஓட்டினார். ஓட்டல்களுக்கு வெளுத்த படுக்கை விரிப்புகளைக் கொண்டுபோய்க் கொடுத்து, அழுக்கானவற்றை அள்ளிக்கொண்டு வரும் வேலை. முதலாளிக்கு டீச்சர் எவ்வளவு ஓட்டினாலும் போதவில்லை. ஒருநாள் வேன் சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்தவர், நகைகளைக் கொடுத்து இந்தக் காரை வாங்கினார். "இனிமே நான் ஓட்ட மாட்டேன், மத்தவங்கள ஓட்ட வைப்பேன்" என்று வீட்டுக்காரரிடம் சொன்னாராம். வீட்டுக்காரருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. "உன் வாய்க்கு ஏத்த தொழில்தான்" என்று மட்டும் சொன்னாராம் அவர்.

டீச்சருக்கு ஒரு வழக்கம் உண்டு. அவர் உட்காரும் பக்கத்து சீட்டின் காலடியில் இரண்டாவது பிரேக் இருக்கிறது. மாணவர் ஏதாவது தப்பு செய்தால் முதலில் அதை மிதித்து வண்டியை நிறுத்துவார். அடுத்த நொடி அவர் கை குறுக்கே பாயும். என்ஜினை அணைத்து, சாவியை உருவி, மூடிய கைக்குள் வைத்துக்கொள்வார்.

"இப்ப என்ன தப்பு பண்ணீங்க? சொன்னாத்தான் சாவி."

பின்னால் ஹாரன் பிளக்கும். லாரிக்காரர் தலையை நீட்டித் திட்டுவார். டீச்சர் அசைய மாட்டார். "அவர் கத்தட்டும், நீங்க யோசிங்க" என்பார். கண்ணாடி பார்க்காமல் திரும்பினேன், கிளட்சைப் பட்டென்று விட்டேன் என்று பாவத்தை ஒத்துக்கொண்ட பிறகுதான் சாவி திரும்பி வரும். இதற்காக நாங்கள் அவருக்கு வைத்த பெயர் 'பறிமுதல்'. இந்தப் பெயர் அவருக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பதில் அவருக்கு ஒரு பெருமை.

அந்தக் கார் பழையதுதான் என்றாலும் அதில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. சாவியை உள்ளேயே மறந்துவிட்டு ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால் 'டிங், டிங், டிங்' என்று ஒரு மணி அடிக்கும். சாவியை எடுத்தால் நின்றுவிடும். மழைக்காலம் முடிந்த சமயம் அந்த மணிக்குப் பித்துப் பிடித்தது. டீச்சர் சாவியை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தாலும் மணி அடித்தது.

"சாவி என் கையில இருக்கு, பாரு" என்று டீச்சர் காரிடம் சாவியைத் தூக்கிக் காட்டினார். முடிவெட்டும் கடைக்காரர் சீப்பைக் காதில் செருகிக்கொண்டு வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்.

"டீச்சர், அதுக்கும் பாடம் நடத்துறீங்களா?"

"ஆமா. நீங்களும் சேர்ந்துக்கோங்க. ஒரு இடம் காலியா இருக்கு."

டீச்சர் முதலில், விளக்கை அணைக்க மறந்துவிட்டோமோ என்று பார்த்தார். விளக்கு அணைந்துதான் இருந்தது. சாவியைத் திரும்பப் போட்டு, முன்னும் பின்னும் நாலு தடவை ஆட்டி எடுத்தார். சில நேரம் மணி நின்றது. சில நேரம் நிற்கவில்லை. ஏன் நின்றது, ஏன் நிற்கவில்லை என்று பிடிபடவில்லை. மணி நிற்கும் வரை எரிச்சலோடு ஆட்டி ஆட்டி எடுப்பதே பழகிப்போனது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு களத்தில் இறங்கினார்.

"லிஃப்ட்ல மணி அடிச்சா நாங்க முதல்ல கதவத்தான் பாப்போம்" என்றார்.

"இது லிஃப்ட் இல்லங்க. மேல கீழ போகாது."

"கதவு எல்லாத்துக்கும் ஒண்ணுதான்."

கதவுச் சட்டத்தில் ஒரு சின்ன ரப்பர் பொத்தான் இருக்கிறது. கதவு மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று காருக்குச் சொல்வது அதுதான். வீட்டுக்காரர் அதை விரலால் அமுக்கினார். மணி நின்றது. விட்டார். மணி அடித்தது. ஒரு காலைப்பொழுது முழுவதும் அதைக் கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டு மாட்டினார். மறுபடியும் அமுக்கினால் நின்றது, விட்டால் அடித்தது.

"பொத்தான் நல்லாத்தான் இருக்கு" என்று முடிவு சொன்னார்.

"அது நல்லா இருக்குன்னு காலையிலேயே தெரிஞ்சுதே. மதியம் வரைக்கும் என்ன பண்ணீங்க?"

"நல்லா இருக்குறத உறுதி பண்ணேன்."

அடுத்து வந்தவர் கார் எலக்ட்ரீசியன். வண்டியில் என்ன கோளாறு என்று சொன்னாலும் முதலில் ஃபியூஸ் பெட்டியைத்தான் திறப்பார் என்பதால் அவருக்கு 'ஃபியூஸ் தம்பி' என்று பெயர். வழக்கம்போல ஃபியூஸ்களை எல்லாம் பார்த்தார். பிறகு சாவித் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"அக்கா, பூட்டுக்குள்ள சின்னதா ஒரு சுவிட்சு இருக்கும். சாவி இருக்கா இல்லையான்னு மணிக்குச் சொல்றது அதுதான். அது மாட்டிக்கிச்சு. பூட்டையே மாத்தணும்."

"மாத்திடு தம்பி."

"இந்த வண்டி பூட்டுக்கு நான் எங்கக்கா போவேன்? பழைய வண்டி உடைக்கிற இடத்துலதான் தேடணும். கிடைக்கிற வரைக்கும் மணியோட வயர கழட்டி விட்டுடவா? நிம்மதியா இருக்கலாம்."

டீச்சர் ஒரு கணம் யோசித்தார். தெருவே சிரிக்கிறது, பாடத்தின் நடுவில் தலைவலி வருகிறது. "கழட்டு" என்றார்.

மணி வாயை மூடியது. டீச்சர் நிம்மதியாகச் சாவியை உருவினார், நிம்மதியாகக் கதவைச் சாத்தினார், நிம்மதியாகத் தூங்கினார். விடிந்து போய்ப் பார்த்தால் கார் செத்துக் கிடந்தது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரியில் உயிரே இல்லை.

அன்றிலிருந்து அதுவே கதையாயிற்று. சில காலைகளில் கார் சமர்த்தாக எழும். பல காலைகளில் எழாது. காலை வகுப்புக்கு வருகிறவர்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டே வருவார்கள். "தள்ளத் தெரியாம ஓட்டக் கத்துக்க முடியாது" என்று டீச்சர் சிரித்துச் சமாளித்தாலும், முகம் செத்துப்போயிருக்கும். பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று சொல்லி, ஃபியூஸ் தம்பி தன்னிடமிருந்த நல்ல பேட்டரி ஒன்றை மாட்டிப் பார்த்தார். அதுவும் மறுநாள் படுத்துக்கொண்டது.

இந்த நேரம் பார்த்து ஆண்டுச் சோதனை வந்தது. ஓட்டுநர் பள்ளிக் கார்களைப் போக்குவரத்து அலுவலகத்தில் வருடத்துக்கு ஒருமுறை கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அதிகாரி முன்னால் வண்டி ஒரே திருப்பில் கிளம்ப வேண்டும். பிரேக், விளக்கு, எச்சரிக்கை மணி எல்லாம் வண்டி செய்யப்பட்டபோது இருந்தபடியே வேலை செய்ய வேண்டும். வயதான வண்டிகளுக்கு இரண்டாவது வாய்ப்புக் கிடையாது. தவறினால் அந்தக் காரை வைத்துப் பாடம் நடத்தக் கூடாது. டீச்சரிடம் இருப்பது ஒரே கார். கார் தவறினால் பள்ளிக்குப் பூட்டுத்தான்.

மணியை மாட்டினால் கண்டபடி அடிக்கும்; மணி கெட்டுவிட்டது என்பார் அதிகாரி. கழற்றி வைத்தால் அடிக்கவே அடிக்காது. மணி எங்கே என்பார். இதற்கெல்லாம் முன்னால் கார் கிளம்ப வேண்டும்.

சோதனைக்கு முந்தின நாள் மதியம் சாப்பிடும்போது வீட்டுக்காரர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "பழைய வண்டி வாங்குற ஆள் ஒருத்தர எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லி வைக்கட்டுமா?"

டீச்சர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"சலவைக்காரர் போன வாரம்கூட விசாரிச்சாரு. கவுன்டர்ல ஆள் வேணுமாம். வேன் ஓட்ட வேண்டாம்."

"அழுக்குத் துணிய எண்ணிப் போடவா?"

"நான் போன்னு சொல்லல. கேட்டாருன்னு சொன்னேன்."

"நீங்க சோத்தத் தின்னுங்க" என்றார் டீச்சர். அவருக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு பள்ளிக்கு வந்துவிட்டார். ஃபியூஸ் தம்பி அப்போதுதான் மணியின் வயரைத் திரும்ப மாட்டிவிட்டு, பேட்டரியில் சார்ஜ் ஏற்றி வைத்திருந்தார். "நாளைக்கு அது வாயத் தொறக்காம இருக்கணும்னு வேண்டிக்கோங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மதிய வகுப்பு கண்ணாடிக் கடைக்காரருடையது. மூக்குக்கண்ணாடி செய்து விற்கிறவர். எங்கள் கூட்டத்தில் அவர் பெயர் 'நத்தை சார்'. அவர் ஓட்டும் வேகத்தில் தப்பு செய்ய நேரமே கிடைக்காது. சைக்கிள்காரர்கள் அவரைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்துக் கையசைப்பார்கள். அதனால் எங்கள் எல்லோரிலும் தப்புக்காக டீச்சரிடம் சாவியைப் பறிகொடுக்காத ஒரே ஆள் அவர்தான்.

அன்றும் ஊர்ந்து போய் ஊர்ந்து திரும்பி வந்து, பள்ளி வாசலில் நிறுத்தினார். கியரை நடுவில் வைத்தார். கைப்பிரேக்கை இழுத்தார். வழக்கமாக அதற்குள் டீச்சரே சாவியை உருவிப் பையில் போட்டிருப்பார், அன்று ஏதோ நினைப்பில் இருந்தார். சாவியை எடுத்து டீச்சரிடம் இரண்டு கையாலும் நீட்டிவிட்டுக் கதவைத் திறந்தார்.

மணி அடிக்கவில்லை.

டீச்சர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். ஒரு சத்தமும் இல்லை. மணி ஒரேயடியாகச் செத்துவிட்டதோ என்று அவருக்குத் திக்கென்றது. சுற்றி வந்து ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, சாவியைப் போட்டு, என்ஜினைக் கிளப்பி, அணைத்து, எப்போதும்போல் உருவி, கதவைத் திறந்தார்.

டிங், டிங், டிங்.

"சார், போயிடாதீங்க. இங்க வாங்க."

நத்தை சார் மிரண்டுவிட்டார். "நான் ஒண்ணும் பண்ணலையே டீச்சர்."

"அதான் கேக்குறேன். என்ன பண்ணீங்க? மறுபடியும் பண்ணுங்க."

அவர் உட்கார்ந்தார். சாவியைப் போட்டுத் திருப்பினார். கிளப்பினார். அணைத்தார். பிறகு சாவியை உள்ளே ஓர் அமுக்கு அமுக்கி, இன்னும் கொஞ்சம் பின்னால் திருப்பி, 'கிளிக்' என்று ஒரு சத்தம் கேட்டதும் எடுத்தார். கதவைத் திறந்தார். மணி அமைதியாக இருந்தது.

"எதுக்கு அமுக்குனீங்க?"

"நீங்கதானே டீச்சர் மொத நாளே சொன்னீங்க? அமுக்கித் திருப்பி, கடைசி வரைக்கும் கொண்டுபோய்த்தான் எடுக்கணும்னு. எழுதிகூட வச்சிருக்கேனே."

டீச்சர்தான் சொன்னார். எல்லோருக்கும் முதல் நாளே சொல்வார். சாவித் துளையைச் சுற்றி வரிசையாக நாலு நிலைகள்: முதலில் பூட்டு, பிறகு என்ஜின் இல்லாமல் ரேடியோ மட்டும் பாடுகிற ரேடியோ நிலை, பிறகு ஓட்டம், கடைசியில் ஸ்டார்ட். ஓட்டத்திலிருந்து ரேடியோ நிலை வரை சாவி சும்மா திரும்பும். அதற்கும் பின்னால், பூட்டு நிலைக்குப் போக வேண்டுமானால் அமுக்க வேண்டும். வண்டி ஓடும்போது தவறிப்போய் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. சாவி பூட்டு நிலையில் மட்டும்தான் வெளியே வர வேண்டும். நடுவில் ரேடியோ நிலையில் வரவே கூடாது.

ஆனால் பக்கத்து சீட்டிலிருந்து பாய்கிற கை அமுக்குமா? டீச்சர் சாவியை நத்தை சாரிடமிருந்து வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். வருடக்கணக்காகப் பறித்துப் பறித்து அதன் பற்கள் ஆற்றுக் கூழாங்கல்போல் மழமழவென்று தேய்ந்திருந்தன. தேய்ந்த சாவியைப் பூட்டால் பிடித்து வைக்க முடியவில்லை. நடு வழியிலேயே வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. சாவி வந்துவிட்டால் பூட்டும் முடிந்ததென்று அவர் நினைத்துக்கொண்டார். பூட்டோ இன்னும் ரேடியோ நிலையிலேயே நின்றது. அது பூட்டு நிலைக்குப் போகாத வரை, சாவி உள்ளே இருப்பதாகத்தான் மணிக்குத் தெரியும்.

டீச்சர் நத்தை சாரை இறங்கச் சொல்லி, ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்து ஆட்டினார். சாவியை எடுத்தால் அது இறுகிப் பூட்டிக்கொண்டிருக்க வேண்டும். நத்தை சார் சாவியை எடுத்த பிறகு அது இறுகித்தான் இருந்தது. டீச்சர் சாவியைப் போட்டுத் தன் பாணியில் உருவிவிட்டு மறுபடியும் ஆட்டினார். ஸ்டியரிங் தாராளமாகத் திரும்பியது.

ரேடியோவின் மேல் கை வைத்துப் பார்த்தார். பாடத்தின்போது சத்தத்தை முழுதாகக் குறைப்பாரே தவிர அணைக்க மாட்டார். அதன் சின்ன விளக்கு எப்போதோ போய்விட்டது. தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. இரவெல்லாம் ஒரு வார்த்தை பேசாமல் பேட்டரியைக் குடித்துக்கொண்டிருந்தது இதுதான். மணி அடித்துக்கொண்டிருந்த நாட்களில், எரிச்சலோடு சாவியைப் போட்டு ஆட்டும்போது அது எப்படியோ பூட்டு நிலைக்குப் போய்ச் சேர்ந்துவிடும், பேட்டரி பிழைத்துக்கொள்ளும். மணியைக் கழற்றிய பிறகு சொல்வதற்கு ஆளில்லாமல் போனது.

டீச்சர் சீட்டில் சாய்ந்தார். முதலில் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று நத்தை சார் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். டீச்சர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இந்த வண்டி இத்தன நாளா உண்மையத்தான் சார் சொல்லியிருக்கு. இன்னும் முடிக்கல, முடிக்கலன்னு. நான்தான் அதோட வாயில துணிய அடைச்சிட்டேன்."

"அப்ப நான் நல்லா ஓட்டுறேனா டீச்சர்?"

"நிறுத்துறது பிரமாதம். ஓட்டுறதப் பத்தி அப்புறம் பேசலாம்."

வீட்டில் அலமாரியின் அடித்தட்டில் காரோடு வந்த இரண்டாவது சாவி கிடந்தது. ஒருமுறைகூடப் பயன்படுத்தாதது, பற்கள் கூர்மையாக இருந்தன. டீச்சர் அதைக் கொண்டுவந்து போட்டு, ரேடியோ நிலையில் வைத்து இழுத்துப் பார்த்தார். வரவில்லை. பலம்கொண்ட மட்டும் இழுத்தார். அசையவில்லை. அமுக்கித் திருப்பிய பிறகுதான் வந்தது. பூட்டில் ஒரு குறையும் இல்லை. சாவிக் கடைக்குப் போய், அந்தப் புதுச் சாவியைப் பார்த்து இன்னொன்று வெட்டச் சொன்னார். "பழையதப் பார்த்து வெட்டிடாதீங்க, அதோட நோயும் சேர்ந்து வந்துடும்" என்று பக்கத்திலேயே நின்று வெட்டி வாங்கினார்.

மறுநாள், வியாழக்கிழமை காலை கார் ஒரே திருப்பில் எழுந்தது. அதிலேயே டீச்சருக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. வீட்டுக்காரர் விடுப்புப் போட்டுவிட்டு, முதல் நாள் பள்ளிக்குப் போகும் பிள்ளைபோல் தலையை வாரிக்கொண்டு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

சோதனை அதிகாரி கண்டிப்பான ஆள். பிரேக்கைப் பார்த்தார், விளக்குகளைப் பார்த்தார், காரைச் சுற்றி வந்து ஓடவிட்டுப் பார்த்தார். சாவியை உள்ளே விட்டுவிட்டுக் கதவைத் திறக்கச் சொன்னார். மணி அழகாக அடித்தது.

"பரவாயில்லையே. பழைய வண்டில பாதிப் பேரு இத கழட்டிப் போட்டுடுவாங்க" என்றார்.

டீச்சர் பக்கத்து மரத்தில் ஏதோ பறவையைத் தேடுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கதவ சாத்துங்க. இப்ப சாவிய எடுத்துட்டுத் திறங்க."

டீச்சரின் கை பழக்கதோஷத்தில் பாய்ந்து சாவியை உருவியது. சாவி வரவில்லை. இன்னொரு முறை இழுத்தார். வரவில்லை. அதிகாரி கண்ணாடி வழியே குனிந்து பார்த்தார்.

"என்ன, மாட்டிக்கிச்சா?"

பின் சீட்டிலிருந்து வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார்: "பறிமுதல் பண்ணாதம்மா. அமுக்கு."

டீச்சர் ஒரு மூச்சு இழுத்து விட்டார். அமுக்கினார். கடைசி வரை திருப்பினார். கிளிக். சாவி வெண்ணெயாக வெளியே வந்தது. கதவைத் திறந்தார். ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதியில் பக்கத்து வரிசையில் யாரோ லாரிக்காரர் தும்மியதுதான் கேட்டது.

"சரி, அடுத்த வருஷம் வாங்க" என்று சொல்லிவிட்டு அதிகாரி அடுத்த வண்டிக்கு நகர்ந்தார்.

டீச்சர் திறந்த கதவைச் சாத்தினார். பல நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த எதுவோ இறங்கிப் போனது. வீட்டுக்காரர் முன் சீட்டுக்கு மாறி உட்கார்ந்து, கைபேசியை எடுத்துப் பழைய வண்டி வாங்குகிறவருக்கு, வேண்டாம் என்று ஒரு செய்தி அனுப்பினார்.

"சலவைக்காரருக்கும் சொல்லிடுங்க."

"அத நேத்தே சொல்லிட்டேன்" என்றார் அவர். "நீ சாப்பிடாம எழுந்து போனியே, அப்பவே."

டீச்சர் அவரைத் திரும்பிப் பார்த்தார். காரைக் கிளப்பினார்.

எனக்கு இந்தக் கதை ஆறு மாதமாகத் தெரியும். இதைப் படித்த நீங்கள் ஓர் உதவி செய்ய வேண்டும். உங்கள் மாமாவோ, மேல் வீட்டுக்காரரோ, கூட வேலை செய்கிறவரோ, யாராவது ஒருவரிடம் இப்படிக் கத்துகிற பழைய கார் ஒன்று இருக்கும். மணியின் வயரில் கை வைப்பதற்கு முன்னால், சாவியை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கை ஒருமுறை ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். திரும்பினால் பூட்டு இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். கையில் இருக்கிற சாவியின் பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் வெறும் அறிவுரையாகச் சொல்லாதீர்கள், யாரும் காதில் வாங்க மாட்டார்கள். டீச்சரையும் நத்தை சாரையும் சேர்த்தே சொல்லுங்கள்.